லேத்தில் ஏறிய செருப்பு

1. முதல் கிண்ணம்

நான் கடைந்த முதல் மெல்லிய கிண்ணம் சுழலும்போதே வெடித்தது. பாதி என் முகக் கவசத்தில் அடித்தது, மீதி கூரைத் தகரத்தில் பட்டது. சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார். சீனர், நாங்கள் தவுக்கே என்போம். "தனம், போலே கா?" என்றார். முடியுமா என்று மலாயில் கேட்கிறார். "போலே" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

கோப்பெங் சாலையில் இருந்த அந்த மரப்பட்டறையில் நாங்கள் நாற்காலிக் கால் கடைகிறவர்கள். ஈப்போவில் புதிதாகச் சாப்பாட்டுக்கடை திறக்க இருந்த ஒருவர், வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி மெல்லிசாக ரப்பர் மரக் கிண்ணம் கேட்டார். தவுக்கே எங்களைக் கேட்காமலே தலையாட்டிவிட்டார். ஆண்கள் யாரும் அந்த வேலைக்குக் கை நீட்டவில்லை. நான் உப்புத்தாள் தேய்க்கும் பிரிவில் வருடக்கணக்காகத் தூசி தின்று, கெஞ்சிக் கூத்தாடி லேத்துக்கு வந்தவள். விடுவேனா?

வெள்ளிக்கிழமை கடைக்காரர் வரும்போது ஒரு நல்ல கிண்ணமாவது காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பழையபடி உப்புத்தாள்தான் என்று தவுக்கே சொல்லிவிட்டார்.

2. வீட்டுச் சாமான்கள்

மெல்லிய கிண்ணத்துக்கு எதிரி அதிர்வு. சுவர் மெலிய மெலிய, உளி பட்டதும் கிண்ணம் நடுங்கும், கீச்சிடும், பிறகு பிளக்கும். அதற்கென்று விற்கிற தாங்கு சக்கரத்தை வாங்கித் தர தவுக்கேக்கு மனசில்லை. அதனால் குனோங் ராபாட்டில் என் வீட்டிலிருந்தே சாமான் கொண்டு போனேன். சுவரின் தடிமன் பார்க்க, சைக்கிள் கம்பியை வளைத்து ஒரு கவ்வி. கிண்ணத்துக்குப் பின்னால் மாட்ட மோட்டார் சைக்கிள் பல்பு. மரம் மெலிந்த இடத்தில் வெளிச்சம் மஞ்சளாகக் கசியும். தடித்த இடம் இருட்டாகவே இருக்கும். இரண்டும் பிரமாதமாக வேலை செய்தன. நடுக்கம் மட்டும் நின்றபாடில்லை.

ஒட்டுப்பலகையில் ஒரு சட்டம் செய்து, அதில் இரண்டு கை வைத்தேன். கை நுனியில் பழைய பேரிங் போட்ட மரச் சக்கரம். மோட்டார் டியூப்பைப் பட்டையாக வெட்டி இழுத்துக் கட்டினால், சக்கரம் கிண்ணத்தின் முதுகைத் தொட்டபடி உருளும். ஆனால் மரம் மரத்தைக் கீறியது. மேலே மெத்தென்று ஏதாவது சுற்ற வேண்டும். என் கண் என் ஜப்பான் சிலிப்பர் மேல் விழுந்தது.

அப்போதுதான் முனியாண்டி அண்ணன் குதித்தார். லேத் பிரிவுக்கு அவர்தான் மண்டோர், அதாவது மேஸ்திரி. அவர் சொல்லாமல் அங்கே ஒரு சுவிட்சைத் தட்ட முடியாது. ஆயுத பூஜைக்கு லேத்துக்குச் சந்தனம் குங்குமம் வைப்பவரும் அவரே. அந்தப் பொட்டு தானாக உதிரும்வரை யாரையும் துடைக்க விடமாட்டார்.

"சாமி பொட்டு வச்ச மெஷின்ல செருப்ப ஏத்துவியா? மூள இருக்கா லா?"

"நீங்க பூட்ஸ் போட்டுக்கிட்டுத்தானே அண்ணே மெஷின் ஓட்டுறீங்க?"

"கீழ நிக்கிறது வேற, மேல ஏத்துறது வேற. கால்ல போட்டத இதுல வைக்காத."

சரி, கால் படாத புதுச் செருப்பு வாங்கினேன். அண்ணன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு வழி விட்டார். வட்டமாக வெட்டிச் சக்கரத்தில் ஒட்டினேன். புது ஸ்பாஞ்ச் பந்து மாதிரி துள்ளியது, கிண்ணமும் கூடவே துள்ளியது. வியாழக்கிழமை மதியம் அதுவும் பிளந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

3. குதிகால்

அண்ணன் துண்டுகளைப் பொறுக்கினார். சக்கரத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார். வாசலுக்குப் போய், பூட்ஸ் மாற்றும்போது கழற்றி விட்ட தன் பழைய சிலிப்பரைத் தூக்கி வந்தார். மிதித்து மிதித்துக் குதிகால் பக்கம் இறுகிப் போயிருந்தது. அமுக்கினால் கொஞ்சம் இடம் கொடுத்தது, துள்ளவில்லை.

"இதுதான் லா உனக்கு வேணும்" என்றார். முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது.

"கால்ல போட்டதாச்சே அண்ணே?"

"வாய மூடு. கழுவிக்கிட்டு வாரேன்."

சோப்புப் போட்டுத் தேய்த்தார். கேண்டீனில் மஞ்சள் தூள் வாங்கிக் கரைத்து அதிலும் முக்கினார். லேத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மன்னிச்சுக்க, பொழப்பு" என்று முணுமுணுத்தார். பிறகு குதிகாலை அவரே வட்டமாக வெட்டிக் கொடுத்தார்.

நாற்காலிக் காலை இறுக்கிப் பிடித்தே பழகிய என் கை, டியூப் பட்டையையும் இறுக்கப் போனது. "தொட்டா போதும், அமுக்காத" என்றார். தளர்த்திவிட்டு உளியை வைத்தேன். கீச்சென்ற சத்தமே இல்லை. சீவல் நாடாவாகச் சுருண்டு வந்தது. சுவர் முழுக்க ஒரே சீராக மஞ்சள் வெளிச்சம். லேத்தை நிறுத்திவிட்டு நான் கத்திய கத்தலில் பட்டறையே திரும்பிப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை கடைக்காரர் கிண்ணத்தைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அவர் விரல்களின் நிழல் மறுபக்கம் தெரிந்தது. கடை முழுக்க இதே கிண்ணம் வேண்டும் என்றார். தவுக்கே என்னைப் பார்த்தார். "போலே கா?"

"போலே!" என்றேன். பக்கத்தில் முனியாண்டி அண்ணன் பூட்ஸைக் கழற்றிவிட்டு, மாற்றிக்கொள்ளச் சிலிப்பர் இல்லாமல் வெறுங்காலோடு நின்றிருந்தார்.

இப்போது லேத் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. போனில் வீடியோ பார்த்துக் கடைய வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: புதுசாக வாங்கும் முன், வீட்டு வாசலில் கிடப்பதை அமுக்கிப் பாருங்கள். சக்கரம் கிண்ணத்தைத் தொடட்டும், நெருக்க வேண்டாம்.

அந்தக் கிண்ணம் கடைந்த வருட ஆயுத பூஜையில் அண்ணன் வழக்கம்போல் சந்தனக் கிண்ணியோடு வந்தார். லேத்துக்கு வைத்தார். உளிகளுக்கு வைத்தார். சட்டத்தின் முன்னால் வந்தார். பிறகு செருப்புச் சக்கரம் இரண்டுக்கும் பொட்டு வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"என்ன பாக்குற? தேங்காய ஒட லா."