கொம்பில் விளக்கு எரிந்த ராட்சசன்

எங்கள் அம்மாவோடு உட்கார்ந்து டிவி பார்ப்பது ஒரு தண்டனை. வாரக் கடைசியில் மாயாஜாலத் தொடர் ஒன்று வரும். அதில் இளவரசியைத் தூக்கிப்போய்க் குகையில் அடைத்து வைத்திருக்கும் ராட்சசனுக்குக் கொம்பு நுனியில் விளக்கு எரியும், கண் சிவப்பாக மின்னும். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அம்மா பூண்டு உரித்தபடியே அடுத்து வருவதைச் சொல்லிவிடுவாள். "இது உனக்குச் சோறு ஊட்டறப்ப நான் சொன்ன ராட்சசந்தான்டி. கொம்புல லைட்டு மாட்டிட்டா புதுசா ஆயிருமா?" என்பாள். சொன்னபடியே ராட்சசன் மூக்கை விடைத்து மனித வாடை அடிக்கிறது என்பான். இளவரசன் எறும்பாக மாறிச் சுவரில் ஊர்வான். சித்தப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சித்தப்பா அந்த ராட்சசனுக்குப் பரம ரசிகர். மாசியில் மயானக் கொள்ளைக்கு வேஷம் கட்டுவதாக அங்காளம்மனுக்கு வேண்டியிருந்தார். அன்றைக்கு எங்கள் ஊரில் ஆளாளுக்குக் காளி, காட்டேரி, முனி என்று வேஷம் போட்டு மயானத்துக்கு ஊர்வலம் போவார்கள். இவர் டிவி ராட்சசனாகத்தான் போவேன் என்று நின்றார். பூசாரி யோசித்தார். ஆள் பழைய ஆள்தான், சட்டைதான் புதுசு என்று அம்மா பரிந்து பேசினாள். பூசாரி சித்தப்பாவின் கையில் காப்புக் கட்டி, அவிழ்க்கிறவரை கவுச்சி தின்னக் கூடாது, பொய் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

கவுச்சிகூடப் பரவாயில்லை. சித்தப்பாவுக்கு ஏரியூரில் பெண் பேசியிருந்தார்கள். அதுவரை வந்த வரனெல்லாம் தட்டிப்போயிருந்தது, இதையாவது முடித்துவிட வேண்டுமென்று அப்பா தவியாய்த் தவித்தார். மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை என்று சொல்லியிருந்தார். அந்த வேலையை விட்டுவிட்டுச் சித்தப்பா தக்காளி லோடு ஓட்டிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. சொல்லக் கூடாது என்று என் வாய்க்கும் பூட்டு. பெண்வீட்டார் திருவிழா பார்க்கிற சாக்கில் வருகிறார்கள் என்ற சேதி, காப்புக் கட்டிய பிறகுதான் வந்தது. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு, "மூஞ்சியக் காட்டாத, வாயத் தொறக்காத" என்று மட்டும் சொன்னார்.

தெர்மாகோல் கொம்பு வைத்த முகமூடி, சீரியல் லைட்டு, அட்டைச் சிறகு. லைட்டுக்குப் பைக் பேட்டரி. அதைப் பையில் போட்டு என் முதுகில் மாட்டி, சுவிட்சையும் என் கையில் கொடுத்திருந்தார்கள். அமுக்கினால் ராட்சசனுக்குக் கண் மின்னும். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு இவ்வளவு பெரிய பொறுப்பை யாரும் கொடுத்ததில்லை.

சாமி வேஷக்காரர்கள் தாண்டிப் போனால் பிள்ளை பிறக்கும் என்று பெண்கள் தெருவில் படுப்பது வழக்கம். ராட்சசனிடம் யாரும் வரம் கேட்பதில்லை. ஆனால் வெளியூர் அம்மாள் ஒருத்தி, "எந்தச் சாமியோ, இத்தினி வெளிச்சமா வருது, தாண்டுங்க சாமி" என்று மருமகளைப் படுக்க வைத்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் பலர் வரிசையாகப் படுத்தார்கள். சித்தப்பா சிறகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினார். ஒயர் எங்களைச் சேர்த்துக் கட்டியிருந்ததால் நானும் குதித்துக் குதித்துத் தாண்டினேன். என் பங்குக்கு யாருக்குப் பிள்ளை பிறந்ததோ தெரியாது.

வரிசை முடிந்த இடத்தில் ஒரு பெரியவர் கற்பூரம் கொளுத்தி, சித்தப்பாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. போட்டோவில் பார்த்த ஏரியூர்ப் பெண். அவள் விழவில்லை. முகமூடியை நேராகப் பார்த்து, "எனக்கு ஒரு எடத்துல பேசியிருக்காங்க சாமி. மாப்பிள்ளைக்கு ஓசூர்ல கம்பெனி வேலைங்கறாங்க. நெசந்தானுங்களா?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டியிருந்தால் போதும். எப்படி ஆட்டுவது என்று கூட்டத்துக்குள் இருந்து அப்பா ஆட்டியே காட்டினார். சித்தப்பா கையிலிருந்த காப்பைப் பார்த்தார். அப்புறம் முகமூடியைக் கழற்றினார்.

"நாந்தாங்க அந்த மாப்பிள்ளை. வேலைய வுட்டுட்டேன். தக்காளி லோடு ஓட்டறேன். வண்டியும் வாடகை வண்டிதானுங்க."

பயத்தில் நான் சுவிட்சை அமுக்கிவிட்டேன். அவர் கையிலிருந்த முகமூடி அந்தப் பெண்ணைப் பார்த்துக் கண்சிமிட்டியது. வருங்கால மருமகன் காலில் விழுந்து கிடந்த பெரியவர் எழுந்து, வேட்டியை உதறிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அப்பா அன்றிலிருந்து சித்தப்பாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். கல்யாணச் சாப்பாடு போயிற்றே என்று எனக்கு அழுகையே வந்தது.

அந்த வாரத் தொடரில் இளவரசி ராட்சசன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் உயிர் எங்கே இருக்கிறது என்று நைசாகக் கேட்டாள். "சொல்லிருவான் பாரு. ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள்ள" என்றாள் அம்மா. ராட்சசனும் மறைக்காமல் சொல்லிவிட்டான். எனக்குக் கோபம் தாங்கவில்லை. இவ்வளவு பெரிய கொம்பை வைத்துக்கொண்டு இப்படியா மக்காக இருப்பான், அவளிடமே போய்ச் சொல்லலாமா என்று கேட்டேன். சித்தப்பாதான், "அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துக் கேட்டா அவன் என்னதான் பண்ணுவான்" என்றார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. எடுத்ததும், "தக்காளி லோடு எறக்கியாச்சுங்களா?" என்று எங்கேயோ கேட்ட ஒரு பெண் குரல் என் காதிலும் விழுந்தது. சித்தப்பா சட்டென்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். டிவியில் இளவரசன் கிளியின் கழுத்தைப் பிடித்துவிட்டான். "சித்தப்பா, ராட்சசன் சாகப்போறான், சீக்கிரம் வாங்க" என்று கத்திக் கூப்பிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சிரித்துக்கொண்டு நின்றார். உயிருக்குயிரான ராட்சசன் சாகிற நேரத்தில் ஒரு மனுசன் எப்படி இப்படிச் சிரிக்க முடியும் என்று எனக்கு விளங்கவே இல்லை.