திரை கறுக்கக் கூடாது

தொலைக்காட்சி நிலையத்தில் வேலை பார்ப்பது, வருடம் முழுவதும் கலியாண வீட்டில் பந்தி பரிமாறுவதைப் போன்றது. நன்றாகச் சாப்பிட்டவர்கள் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார்கள். உப்புக் குறைந்தவர் மட்டும் உங்களைத் தேடிக்கொண்டு வருவார். வானொலி, தொலைக்காட்சி, கோயில் ஒலிபெருக்கி என்று ஏதாவது ஒன்றின் முன்னால் நின்று ஊருக்குக் கதைத்து வாங்கிக் கட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நான் காலையில் வுப்பர்டாலில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளர். பின்னேரம் அதே ஊரில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பாளர், அறிவிப்பாளர், சமையல்காரி, ஆள் இல்லாத நாட்களில் தேத்தண்ணி ஊற்றுபவர். முதலாளி குணம் அண்ணை. அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு ஒரு தமிழ்க் கடை போட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்தக் கடையை விற்றுச் சானல் தொடங்கியவர். அவருக்கு இருந்தது ஒரே பயம். திரை ஒரு நிமிடம் கறுத்தால் சனம் லண்டன் சானலுக்கு மாறிவிடும், மாறினால் திரும்பி வராது. எங்கள் நிறுவனத்தில் இருந்த ஒரே சட்டமும் அதுதான்: "என்னத்தையாவது போடுங்கோ, திரை மட்டும் கறுக்கக் கூடாது."

தலைக்கு மேல் ரயில்

எங்கள் கலையகம் முன்பு கார் டயர் விற்ற கட்டடம். வாடகை மலிவு என்று குணம் அண்ணை எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். ஏன் மலிவு என்பது முதல் நாள் நான் செய்தி வாசித்தபோது தெரிந்தது. வுப்பர்டாலின் தொங்கு ரயில் எங்கள் கூரையை உரசாத குறையாகப் போகிறது. அது வளைவில் திரும்பும்போது போடுகிற கிரீச்சில் இலங்கைச் செய்தி, இந்தியச் செய்தி, உலகச் செய்தி எல்லாமே ஒன்றுதான். ஒன்றும் கேட்காது.

சுவரில் முட்டைத் தட்டுகள் ஒட்டினோம், பழைய மெத்தைகளைக் கட்டினோம். ரயில் மசியவில்லை. கடைசியில் நான்தான் பழகிக்கொண்டேன். தூரத்தில் சத்தம் கேட்டதும் வசனத்தை நின்ற இடத்தில் விட்டுவிட்டுக் கமராவை உற்றுப் பார்ப்பேன், ரயில் போனதும் தொடர்வேன். "அமைச்சர் இன்று காலை..." என்று நிறுத்திவிட்டு நான் பார்த்த பார்வையில் எத்தனை பேர் அந்த அமைச்சருக்காகக் கலங்கினார்களோ தெரியாது. வேலை போகப்போகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கடையில் மரவள்ளிக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்தார்.

"பிள்ளை, நீங்கள் செய்தி வாசிக்கேக்கை இடையில நிண்டு யோசிக்கிறியள் பாருங்கோ, அதுதான் வடிவு. மற்ற சானல்காரர் ஒண்டையும் யோசிக்காமல் வாசிச்சுக்கொண்டு போகினம்."

பரிசு வேண்டாம்

எங்கள் சானலில் அதிகம் பேர் பார்த்தது நாடகமும் இல்லை, பாட்டும் இல்லை. மரண அறிவித்தல். எந்த ஊரைப் பிறப்பிடமாகக் கொண்டவர், எந்த நாட்டை வதிவிடமாகக் கொண்டவர், யாருடைய மகன், யாருக்கு மருமகன், மைத்துனர் யார், சகலன் யார், பெறாமக்கள் யார் என்று அத்தனை பேரையும் பெயர் சொல்லி வாசிக்க வேண்டும். ஒரு சகலனை விட்டாலும் அந்தக் குடும்பம் இரண்டாகிவிடும், பழி என் தலையில் விழும். ஆகவே குரலைத் தாழ்த்தி, மெதுவாக, ஒருவரும் தவறாமல் வாசித்துப் பழகினேன். ஐரோப்பா முழுவதும் என் குரல் அப்படித்தான் தெரிந்திருந்தது.

ஒரு சித்திரை வருடப்பிறப்புக்குப் போட்டி வைத்தோம். முதல் பரிசு ரைஸ் குக்கர். வென்றவர் பிராங்பேர்ட்டில் இருக்கும் ஓர் அக்கா. நல்ல செய்தியை நானே சொல்ல வேண்டும் என்று ஆசையாகத் தொலைபேசி எடுத்தேன். "வணக்கம், தொலைக்காட்சியில இருந்து மதி கதைக்கிறன்" என்றதுதான் தாமதம், அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்தது. "ஐயோ, இஞ்ச ஓடி வாங்கோ" என்று கணவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பதறிப்போய்க் குரலில் கொஞ்சம் சிரிப்பைச் சேர்த்துக்கொண்டு, "சந்தோசமான விசயம் அக்கா, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு" என்றேன். அந்தச் சிரிப்பு நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

"பிள்ளை, பரிசு கிரிசு ஒண்டும் வேண்டாம். ஆர் எண்டு மட்டும் சொல்லிப்போடுங்கோ."

எத்தனை சானல்?

அந்தக் காலத்தில் எங்களுக்கு நிலத்தில் கால் படவில்லை. பாட்டுக்கென்று இரண்டாவது சானல் வந்தது, பக்திக்கென்று மூன்றாவது வந்தது. சேலைக் கடைக்காரர்கள் விளம்பரத்துக்கு வரிசையில் நின்றார்கள். குணம் அண்ணை "எங்கட குழுமம்" என்று சொல்லத் தொடங்கினார். டயர்க் கடைக்குள் மூன்று சானல் நடத்தினாலும் குழுமம் குழுமம்தானே.

நகரசபை விழா ஒன்றுக்கு எங்களை அழைத்தார்கள். குணம் அண்ணை புதுக் கோட்டுத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். மேடையில் ஓர் அதிகாரி, சிறுபான்மையினர் நடத்தும் இந்த ஊடகம் எங்கள் ஊருக்குப் பெருமை என்று மனமாரப் பாராட்டினார். நான் பக்கத்திலிருந்து சொல்லுக்குச் சொல் தமிழில் சொல்லிக்கொடுத்தேன். அண்ணையின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. திரும்பி வரும்போது கார் சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

"மூண்டு சானல் வைச்சிருக்கிறன், சிறுபான்மையாம். அந்த மனிசனிட்ட எத்தின சானல் இருக்கெண்டு நீர் ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

தேர்ச் சில்லு

பக்திச் சானலுக்காகப் பக்கத்து நகரக் கோயிலின் தேர்த் திருவிழாவை நேரடியாக ஒளிபரப்பினோம். கமரா ரூபன். கிழமை நாட்களில் டாக்சி ஓடுகிறவன், சனி ஞாயிறில் எங்கள் கமராக்காரன். நல்ல பிள்ளை, நல்ல பக்தன். அந்த இரண்டாவது குணத்தை நாங்கள் யோசிக்காமல் விட்டுவிட்டோம்.

தேர் அசைந்தது. சனம் "அரோகரா" என்றது. ரூபனின் இரண்டு கைகளும் தலைக்கு மேல் போய்விட்டன. கழுத்து வாரில் தொங்கிய கமரா கீழே பார்த்தது. உலகத் தமிழர்கள் அனைவரும் ஜெர்மன் தார் ரோட்டையும், உடைந்த தேங்காய்த் துண்டுகளையும், உருண்டு வருகிற ஒரு பெரிய சில்லையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒளிபரப்பு வான் வண்டிக்குள் இருந்த நான், "ரூபன், கமராவைத் தூக்கு" என்று அவன் காதுக் கருவிக்குள் கத்தினேன். "அக்கா, சாமி வருகுது" என்று பதில் வந்தது. அவ்வளவு நிதானமான குரலை நான் அவனிடம் அதற்கு முன் கேட்டதில்லை. குணம் அண்ணையோ, "திரை கறுக்கேல்லைத்தானே, விடும்" என்று நிம்மதியாக இருந்தார். அன்று பின்னேரம் ஒரு நேயர் அழைத்தார்.

"எத்தினை வருசமாத் தேர் பார்க்கிறன் பிள்ளை. சில்லை இவ்வளவு கிட்டத்தில இண்டைக்குத்தான் பார்த்தனான். புதுவிதமாச் செய்திருக்கிறியள்."

வெள்ளிக்கிழமைக் கறி

கார்த்திக் டார்ம்ஸ்டாட்டில் படிக்க வந்து, அங்கேயே வேலையில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பிள்ளை. எங்கள் சானலை நண்பர்களோடு பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, பிறகு பரிதாபப்பட்டு உதவிக்கு வந்தவர். மூன்று சானலையும் ஒரே கணினியில் இணைத்துத் தந்தார். "அக்கா, இனிமே நீங்க டென்ஷனே ஆக வேணாம், எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்றார். அதைக் கேட்டபோதே நான் டென்ஷன் ஆகியிருக்க வேண்டும்.

முதல் வெள்ளிக்கிழமை. பக்திச் சானலில் அம்மன் பாட்டு முடிந்தது. அடுத்து, திரையின் மூலையில் வேலும் மயிலும் மின்ன, பட்டுச் சேலையோடு நான் வந்தேன். ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டு. முதல் சானலின் சமையல் நிகழ்ச்சி இடம் மாறி வந்துவிட்டது. கார்த்திக்கோ ஒரு மீட்டிங்கில் இருந்தார். "நிப்பாட்டட்டோ அண்ணை?" என்று கேட்டேன். "நிப்பாட்டினால் கறுக்கும்" என்றார் குணம் அண்ணை, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு. ஆகவே கறி கொதித்தது. கார்த்திக் மீட்டிங் முடிந்து வெளியே வந்து, டார்ம்ஸ்டாட்டில் இருந்தபடியே ஏதோ ஒன்றை அழுத்தியதும், அகப்பையும் கையுமாக நின்ற நான் மறைந்து, தேவாரம் தொடர்ந்தது. தொலைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்தன. வாங்கிக் கட்டியதை எழுத ஏலாது. ஓர் அம்மா மட்டும் திட்டி முடித்த பிறகும் வைக்காமல் நின்றார்.

"வெள்ளிக்கிழமையில சாமி சானலில இறைச்சி, சரியான பிழை. அது சரி, பெருஞ்சீரகம் எப்ப போடுறதெண்டு சொல்ல முதல் நிப்பாட்டிப்போட்டியள்."

உண்மையான ஹனோவர்

பிறகு எல்லோர் கையிலும் கைத்தொலைபேசி வந்தது. முதலில் பிள்ளைகள் போனார்கள், அவர்கள் பின்னால் பெற்றோர் போனார்கள், அவர்கள் பின்னால் சேலைக் கடைக்காரர்கள் போனார்கள். நேரடிக் கேள்வி நிகழ்ச்சியில் நான் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சிரித்தபடி இருப்பேன். மறுபடியும் கேட்பேன். கன்னம் வலிக்கும் வரை சிரிப்பேன். ஒருவரும் அழைக்க மாட்டார்கள். குணம் அண்ணை ரூபனைத் தேத்தண்ணி அறைக்கு அனுப்பி, அங்கிருந்து நேயர்போலத் தொலைபேசி எடுக்கச் சொன்னார்.

"வணக்கம், ஹனோவரில இருந்து செல்வம் கதைக்கிறன்" என்றான் ரூபன், மூக்கால் குரலை மாற்றி. சரியாக அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. என் பக்கமும் கிரீச், அவன் பக்கமும் அதே கிரீச். "ஓ, உங்கட பக்கமும் இந்த ரயில் ஓடுதோ?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "ஓம், இஞ்ச புதுசா விட்டிருக்கிறாங்கள்" என்றான் படுபாவி. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தேன், மை கரைந்து கன்னத்தில் ஓடியது. அப்போதுதான் உண்மையாகவே ஓர் அழைப்பு வந்தது.

"பிள்ளை, நானும் ஹனோவரில இருந்துதான் எடுக்கிறன். ஆனா நான் உண்மையா ஹனோவர்."

பாட்டுச் சானல்

அன்று எல்லோரும் சிரித்தோம், குணம் அண்ணை சிரிக்கவில்லை. "அண்ணா, சாட்டிலைட் வேஸ்ட், எல்லாத்தையும் மொபைலுக்குக் கொண்டு போயிடலாம்" என்று கார்த்திக் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "கைக்குள்ள வைச்சுப் பார்க்கிறது தொலைக்காட்சியில்லைத் தம்பி" என்பதுதான் பதில். கடைசியில் பாட்டுச் சானலை நிறுத்த வேண்டி வந்தது. அதற்காக ஊரே கொதித்து எழும் என்று அண்ணை நம்பினார். சமாதானம் சொல்ல என்னையும் ரூபனையும் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருத்தினார். ஒரு கிழமை, ஏழு நாளும் இருந்தோம். நான் அதில் ஒரு கம்பளிச் சட்டையின் கை இரண்டையும் பின்னி முடித்தேன். பிறகு ஒரே ஒருவர் அழைத்தார்.

"பாட்டுச் சானல் நிண்டிட்டுது எண்டு கேள்விப்பட்டன். அது எப்ப தொடங்கினது?"

கடைசிப் பாட்டு

அடுத்து பக்திச் சானல் போனது. மிஞ்சிய முதல் சானலுக்கும் நாள் குறித்தோம். ஒரு மாதம் முழுவதும் நானே அறிவித்தேன். அந்த ஞாயிறு மத்தியானம் குணம் அண்ணை நகரசபைக்குப் போட்ட அதே கோட்டோடு வந்து, நேயர்களுக்கு நன்றி சொன்னார். நேயர்கள் என்று யாராவது இருக்கிறார்களா என்பது அவருக்கே சந்தேகம். அதுதான் அவரை வாட்டியது. கடையை விற்றதுகூட இல்லை. பேசி முடிந்ததும் கார்த்திக், "அண்ணா, ஆஃப் பண்ணிடவா?" என்று கேட்டார். "இன்னொரு பாட்டுப் போடும்" என்றார் அண்ணை. அது முடிய இன்னொன்று. அதன் பிறகும் ஒன்று. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. பிறகு அவரே எழும்பிப் போய் அழுத்தினார். திரை கறுத்தது.

உடனே தொலைபேசி அடித்தது. ஒன்றை எடுக்க மற்றது அடித்தது. எனக்குக் கிடைத்தவர் ஒரு வயதான ஐயா. டிவியில் ஒன்றும் வரவில்லை, பெட்டி பழுதாகிவிட்டதா என்று கேட்டார். "மூடிப்போட்டம் ஐயா, ஒரு மாசமாச் சொன்னனாங்கள், நீங்கள் பார்க்கேல்லையோ?" என்றேன். "ஆர் பிள்ளை இருந்து பார்த்தது? அது தன்பாட்டில கதைச்சுக்கொண்டிருக்கும், நாங்கள் எங்கட பாட்டில சமைச்சுச் சாப்பிட்டு இருப்பம். இப்ப வீட்டில ஆரோ கோவிச்சுக்கொண்டு போனமாதிரிக் கிடக்கு. திருப்பிப் போடுங்கோ" என்றார். ரூபனுக்கும் கார்த்திக்குக்கும் கிடைத்தவர்களும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஐயா சொன்னதை அப்படியே குணம் அண்ணையிடம் சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, அடித்துக்கொண்டிருந்த தொலைபேசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அப்ப ஆக்கள் இருந்திருக்கினம்."

தொலைக்காட்சி தொடங்கி, தமக்கு எத்தனை நேயர்கள் என்று அறியத் துடிக்கும் அன்பர்களுக்கு என் அனுபவத்தில் ஒரே வழிதான் தெரியும்: அதை நிறுத்திப் பார்க்க வேண்டும்.