படிவத்தில் விடுபட்ட ஒரு சொல்

காலை ஐந்து மணிக்குக் கிளாம்பாக்கத்தில் திருச்சி பஸ் ஏறினேன். பையில் இரண்டு கோப்புகள். ஒன்று, டி.என்.ஏ. நிபுணர்கள் எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று எங்கள் குழு எழுதிவரும் விதிமுறை வரைவு. இன்னொன்று, போன வருடம் நான் கையெழுத்திட்ட அறிக்கை. அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குழியில் கிடைத்த எலும்புகள், காணாமல் போன குமாருடையவை அல்ல என்று அதில் எழுதியிருந்தேன். சட்டையும் அரைஞாணும் அவனுடையவை; தாயின் ரத்தம் மட்டும் ஒத்துப்போகவில்லை. இந்த முரண் என் தூக்கத்தைக் கெடுத்தது என்றால் பொய். குழுதான் போய்ப் பார்த்துவரச் சொன்னது.

பத்தேகாலுக்குப் பெரம்பலூர். "ஊருக்குள்ள போவாது மேடம், நாலு ரோட்டுல எறங்கிக்கங்க," என்றார் கண்டக்டர். அந்த ஊருக்கு ரயில் கிடையாது. அரியலூர் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர். வழி நெடுக சிமெண்ட் லாரிகள். இறங்கும்போது என் செருப்பும் சாம்பல் நிறமாகியிருந்தது.

ஒன்றரை மணிக்குக் குமாரின் ஊரான மீன்சுருட்டி. வழக்கைப் பார்க்கும் ஏட்டு காத்திருந்தார். "அந்தம்மா மவன் வந்துருவான்னு நம்பிக்கிட்டு இருக்கு மேடம். உங்க ரிப்போர்ட்ட லேமினேட் பண்ணி வச்சிருக்கு."

குமாரின் அம்மா செல்லம்மாள் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். போன வருடம் அவரிடம் ரத்தம் எடுத்தபோது நிரப்பிய படிவத்தை எடுத்தேன். உறவுமுறை: அம்மா. குமார் எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தான் என்று கேட்டேன்.

"தங்கச்சியத்தாங்க கேக்கணும். அவதான பெத்தவ. நாலு மாசத்துல எங்கிட்ட குடுத்துட்டா. அம்மான்னு அவன் கூப்புடறது என்னயத்தான்."

"இவங்கதான் அம்மான்னு ஊரே சொல்லுச்சு மேடம்," என்றார் ஏட்டு, தலையைச் சொறிந்தபடி.

செல்லம்மாள் பொய் சொல்லவில்லை. அம்மாவா என்று கேட்டார்கள், ஆமாம் என்றிருக்கிறார். பெற்றவரா என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டவள் நான். வெட்கமாக இருந்தது. எங்கள் சோதனைக்குப் பெற்றவளை மட்டும்தான் தெரியும் என்று அவரிடம் சொன்னேன்.

தங்கை வரதராஜன்பேட்டையில் இருந்தார். நான்கரை மணிக்கு அரசு மருத்துவமனையில் அவருக்கு ரத்தம் எடுத்தபோது, செல்லம்மாள்தான் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"நான் பெத்திருந்தா போன வருசமே தெரிஞ்சிருக்குமுங்களா?"

"தெரிஞ்சிருக்கும்மா."

லேமினேட் செய்த அறிக்கையை நீட்டினார். "அப்ப இத நீங்களே வச்சுக்கங்க."

திரும்பும் பஸ்ஸில் வரைவைத் திறந்தேன். இயந்திரங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ரத்தம் கொடுப்பவர் யார் என்பதற்கு ஒரே வரி. அதில் 'தாய்' என்பதற்கு முன்னால் 'பெற்ற' என்று எழுதினேன். அந்த அறிக்கை பைக்குள் நுழையவில்லை, மடிக்கவும் முடியாது. சென்னை வரை கையிலேயே வைத்திருந்தேன்.