நோட்டீஸில் பேர் போட்டோம்

நோட்டீஸ் அடித்தால் காசு கொடுத்தவர்கள் பேரைப் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. திருவிழாவோ கூத்தோ, பத்து ரூபாய் கொடுத்தவர்கூட நோட்டீஸில் தன் பேரைத் தேடுவார். எங்கள் காலனியில் மட்டும் கோயிலுக்குக் காசு வாங்க மாட்டார்கள். அதனால் எங்கள் பேர் எந்த நோட்டீஸிலும் வந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் நண்பனும் நாடகம் போடக் கிளம்பினோம். ஏழைகளுக்குப் பட்டா கொடுத்த நிலத்தை ஒரு பண்ணைக்காரர் வளைத்துக்கொள்வதுதான் கதை. ஊரில் அப்படி ஒருவர் இருந்தார். உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் நடுவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். மைக் செட்டுக்கும் மேடைக்கும் காலனியில் வீடு வீடாக வசூல் செய்தோம். கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பண்ணையில்தான் கூலி வேலை.

பேர் போட வேண்டாம் என்றான் நண்பன். நான் விடவில்லை. கொடுத்தவர்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா, பயந்தாங்கொள்ளி என்று அவனைத் திட்டினேன். எனக்கு அப்போது அவ்வளவு திமிர்.

புருஷன் செத்து, மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, களை எடுத்த கூலியிலிருந்து இருபது ரூபாய் கொடுத்திருந்தாள். நோட்டீஸ் வந்ததும் ஓடி வந்தாள்.

"என் பேரு எங்க கீது நைனா, காட்டு."

காட்டினேன். விரலைத் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு நோட்டீஸ் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் டீக்கடையில் பண்ணை மேஸ்திரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எப்போதும் என்னை டேய் என்று கூப்பிடுகிறவர்.

"கண்ணாடி வூட்லயே கீது தம்பி. யார் யார் குட்துகீறாங்கன்னு கொஞ்சம் படி."

அந்தத் தம்பியில் நான் மயங்கிவிட்டேன். கணீரென்று எல்லாப் பேரையும் படித்தேன். அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இரண்டு பேரை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். பிறகு என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். விஷயத்தைக் கேட்ட நண்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள். நான் ஊரார் செலவில் வைத்தேன்.

நாடகத்துக்கு நாலு நாள் இருந்தது. காலையில் நடவுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகப் பண்ணை டிராக்டர் வந்தது. ஏறி உட்கார்ந்தவர்களை மேஸ்திரி பேர் சொல்லிச் சொல்லி இறக்கினார், சத்தம் போடாமல். நான் படித்த ஒரு பேரையும் அவர் மறக்கவில்லை. இறங்கியவர்கள் தூக்குச்சட்டியோடு ஓரமாக நின்றார்கள். நடவு முடியும்வரை அவர்களுக்கு வேறு வேலை கிடையாது என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

அக்காவிடம் வந்ததும் மேஸ்திரி கொஞ்சம் நிதானித்தார். நோட்டீஸில் இருப்பது நீதானே என்று கேட்டார். அவள் தெருவோரம் நின்றிருந்த என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அது நான் இல்ல சாமி. அது வேற யாரோ."

அவர் சிரித்தார். இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னார். சொன்னாள். அவளை இறக்காமல் வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார்.

எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. இப்படிப் பயந்து சாகிறாளே என்று பல்லைக் கடித்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. என் அப்பாவுக்கு வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வேலை. எங்கள் வீட்டில் யாரும் அந்த டிராக்டரில் ஏற வேண்டியதில்லை.