பட்டப்பகலில் வந்த காட்டேரி

நான் எழுதும் தொடர்களில் வரும் ரத்தக்காட்டேரிக்கு வெயிலைக் கண்டால் பயம் கிடையாது. பட்டப்பகலில் வரும், போகும். போனில் கதை படிக்கும் பிள்ளைகள், பெரும்பாலும் பதினைந்து பதினாறு வயதுக்காரர்கள், இதற்காக என்னோடு சண்டைக்கு வருவார்கள். வேம்பயர் என்றால் வெயில் பட்டதும் எரிந்துபோக வேண்டாமா, இதுகூடத் தெரியாமல் எழுத வந்துவிட்டீர்களா என்று கேட்பார்கள். நான் பதில் போடுவதில்லை. எனக்குத் தெரிந்த காட்டேரி எங்கள் வீட்டுக்குப் பகலில்தான் வந்தது. அப்போது நான் பதினொன்றாம் வகுப்பு.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் எங்கள் வீடு. இரண்டு அறை, மேலே மொட்டை மாடி. மாடியில் துணி காயப்போட்டால் இரும்பு மில்லின் கறுப்புத் தூசியோடுதான் கீழே வரும். அந்த மில்லில்தான் நைனாவுக்கு வேலை. நைனா என்றால் அப்பா. ஆந்திரா பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுவோம். அம்மாவும் என்னைப் பெறும் வரைக்கும் கம்பெனி வேலைக்குப் போனவள். முப்பத்தைந்து வயதில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் சூட்டு உடம்பு என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

அக்காவுக்கு இருபத்தொரு வயது. போனுக்குள் வைக்கும் சின்னச் சின்ன பாகங்களை வெள்ளை விளக்குக்குக் கீழே வைத்து, பழுது இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்கும் வேலை. நைட் ஷிப்ட்தான் அதிகம் விழும். சாயங்காலம் கம்பெனி வேன் தெருமுனையில் நின்று ஒரு தடவை ஹார்ன் அடிக்கும். தெருவுக்குள் வராது. அக்காவே போய் ஏறிக்கொள்வாள். காலையில் அதே இடத்தில் இறக்கிவிடும். அவள் பகலில் தூங்குவதற்காக ஜன்னலில் பழைய பெட்ஷீட்டை ஆணியடித்து மாட்டியிருந்தோம். நடுமத்தியானத்திலும் உள்ளே இருட்டு. குக்கர் வைக்கக் கூடாது, செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது. சாவு வீட்டில் பேசுவது மாதிரி பகலெல்லாம் குரலை அடக்கியே பேசினோம்.

லீவு நாட்களில் அந்த இருட்டில் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு போனில் வேம்பயர் கதை படிப்பேன். எல்லாம் ஒரே கதைதான். வெளுத்த முகம், சில்லென்ற கை, வயது நூறு, பார்க்க மட்டும் பத்தொன்பது. கடித்தால் செத்துப்போவோம் என்று தெரிந்தே அந்தப் பெண் கழுத்தை நீட்டுவாள். என்னையும் யாராவது வந்து கடிக்க மாட்டானா என்று ஆசையாக இருந்தது, பொய் சொல்வானேன். கடித்தது என்னவோ கொசுதான்.

அப்படி ஒரு நாள் போன் வெளிச்சம் அக்கா முகத்தில் விழுந்தது. கதையில் எழுதியிருந்த அதே முகம். உதட்டுக்கும் கன்னத்துக்கும் ஒரே நிறம். கொஞ்ச நாளாகவே அவள் சரியில்லை. மாடிக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாள். அரிசி டப்பாவைத் திறந்து பச்சையாக அள்ளி அள்ளித் தின்பாள். நீயே வேம்பயராக மாறிவிட்டாய் என்று கேலி செய்தேன். சிரித்தாள். அப்புறம், அதுங்களுக்கு எப்பவும் அசதியாவே இருக்குமா என்று கேட்டாள். அவள் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. போனை அணைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் மத்தியானமே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைத் தள்ளினால், அக்கா துணி அலசிக்கொண்டிருந்தாள். பக்கெட் முழுக்கச் சிவப்பு. வழக்கமாக மாதத்துக்கு ஒரு முறை வருகிற ரத்தம் இல்லை அது. எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று வாரமாக நிற்கவே இல்லை என்றாள். அம்மாவிடம் சொல்லாதே என்றாள். நான் அன்றைக்கே சொன்னேன். இப்படியே போனால் அக்கா செத்துவிடுவாள் என்பது யாரும் சொல்லாமலேயே எனக்குப் புரிந்திருந்தது.

அம்மா பதறுவாள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அப்புறம், "காட்டேரி புடிச்சிக்கினு இருக்குது," என்றாள்.

எங்கள் காட்டேரி கோட்டு போட்ட அழகான பையன் இல்லை. இந்தப் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு அது பேயும்தான், சாமியும்தான். வயசுப்பெண், பிள்ளைத்தாய்ச்சி இவர்களுடைய ரத்தத்தைக் குடிக்கும். ஆனால் முறையாகப் படையல் போட்டால் வாங்கிக்கொண்டு போய்விடும். கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, அவித்த முட்டை, கொழுக்கட்டை, ஒரு கறுப்புக் கோழி. பங்காளிகள் மட்டும்தான் கூட வேண்டும், அவர்கள் மட்டும்தான் தின்ன வேண்டும். மிச்சம் இருந்தால் அங்கேயே குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

உச்சி வேளையில் ஏரிக்கரையில் படையல் போட்டார்கள். ஏரியில் தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது, எதிர்க்கரையில் கம்பெனிப் புகைபோக்கிகள். அக்கா நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்து உட்கார்ந்தாள். வெயிலைப் பார்க்க முடியாமல் துப்பட்டாவை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். பெரியப்பா கோழியை அறுத்து, ரத்தத்தைச் சோற்றில் பிசைந்து நான்கு பக்கமும் எறிந்தார். விழுந்த இடத்தில் ஒரு காக்காகூட இறங்கவில்லை. அத்தனை கதை படித்த நான் அன்றைக்குத்தான் உண்மையாகவே பயந்து அக்காவை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

கிளம்பும்போது பெரியப்பா ஒரு கட்டளை போட்டார். எங்கள் வகையறாவில் காலம்காலமாக உள்ள கட்டு அது. "அமாவாசை வரிக்கும் இவ ரத்தம் வேற யார் கைக்கும் போவக் கூடாது. ஊசி, டெஸ்ட்டு எதுவும் வாணாம். எடுத்தா, குடுத்தது பத்தலன்னு திரும்ப வந்து நின்னுடும்," என்றார். அம்மா தலையாட்டினாள். அமாவாசைக்கு இன்னும் பல நாள் இருந்தது.

திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்பது இன்னொரு கட்டு. வழி முழுக்க எனக்குப் பின்னால் ஏதோ காலை இழுத்து இழுத்து வருகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கழுத்து விறைத்துப்போய் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பின்னால் வந்தது அக்கா. எங்கள் நடைக்கு அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை.

மறுநாள் எதிர்வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்க வந்த நர்ஸ், என் அக்காவையும் பார்த்துவிட்டார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தவர் முகம் மாறியது. உடம்பில் சுத்தமாக ரத்தமே இல்லை, நாளைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். அம்மா சரிம்மா, வரேன்ம்மா என்று பவ்யமாகச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். நான் கத்தினேன். இது காட்டேரி இல்லை, வியாதி என்று கத்தினேன். ராவும் பகலும் பேய்க்கதை படிக்கிறவள் பேசுகிற பேச்சா என்று அம்மா கேட்டாள். நைனாவிடம் போனேன். மில்லில் கொதிக்கும் இரும்போடு மல்லுக்கட்டுகிற மனிதர், அண்ணன் பேச்சை மீறுவதென்றால் மட்டும் நடுங்கிவிடுவார். பெரியவங்க சொல்லிட்டாங்க, அமாவாசை போகட்டும் என்றார்.

அன்று சாயங்காலம் வேன் வந்து ஹார்ன் அடித்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து தலை வாரினாள். ஊசி குத்தக் கூடாது, ஆனால் வேனில் ஏறலாம். அதற்கு மட்டும் எந்தக் கட்டும் இல்லை. தெருமுனை வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போகாதே போகாதே என்று கெஞ்சினேன். ஆடிட்டு நடக்கிறது, லைனில் ஆள் இல்லை, லீவு கேட்டால் நின்றுவிடச் சொல்வார்கள் என்றாள். வேன் கதவு திறந்தது. உள்ளே அவள் வயதுப் பெண்கள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கிடந்தார்கள். எல்லா முகத்திலும் அதே வெளுப்பு. டியூப்லைட் வெளிச்சமாக இருக்கலாம் என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அப்படி முழுசாகச் சொல்லிவிட முடியவில்லை.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் வேன் ஹார்னை நிறுத்தாமல் அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டு பெண்கள் அக்காவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் உட்கார்ந்து வந்த சீட்டு நனைந்திருந்தது. டிரைவர் சீட்டைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். நைனா அந்த ஒரு நாள்தான் யாரையும் கேட்கவில்லை. அக்காவைத் தூக்கி ஷேர் ஆட்டோவில் போட்டு, ஏறியிருந்தவர்களை இறங்கச் சொல்லிவிட்டு, நேராக அரசு ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார்.

டாக்டரம்மா எங்களைத் திட்டினார். பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்த அளவு நாலுதான் இருக்கிறது, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். இப்போதே ரத்தம் ஏற்றாவிட்டால் பெண் தங்காது என்றார். நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தபோது, அம்மா அக்காவின் முழங்கை மடிப்பைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். ரெண்டே நாளும்மா, அமாவாசை கழியட்டும்மா என்று டாக்டரைப் பார்த்துக் கெஞ்சினாள். நைனா அவள் தோளைப் பிடித்து இழுத்தார். நான் அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். பிரியவில்லை. பெற்ற பெண்ணைக் கொல்கிறாளே என்று எனக்கு அம்மா மேல் வெறுப்பே வந்தது. அந்தக் கையைக் கடித்துவிடலாமா என்றுகூட இருந்தது.

அக்கா கண்ணைத் திறந்தாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"கைய எடும்மா. காட்டேரி எல்லாம் ஒண்ணும் இல்ல. லீவு போடாம இருக்கறதுக்கு லைன்ல மாத்திர குடுத்தாங்க. தூரம் வராம தள்ளிப் போவும்னாங்க. மாசா மாசம் முழுங்கிக்கினே இருந்தேன். உட்டதும் இப்டி ஆயிடுச்சி."

அம்மாவும் அதிர்ந்துபோயிருப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும்," என்றாள். "எனக்கும் குடுத்தாங்க."

அம்மா கண்ணைத் துடைக்கவில்லை.

"காட்டேரின்னா கருவாடும் முட்டையும் வெச்சி, எம்பொண்ண உட்டுட்டுப் போன்னு கேக்கலாம். கம்பெனிகிட்ட இன்னாத்த வெச்சிக் கேக்கறது?"

சொல்லிவிட்டுக் கையை எடுத்தாள். நர்ஸ் ஊசியைக் குத்தினார். அக்கா பிழைத்துக்கொண்டாள்.