எத்திராஜ் அவிழ்த்த தோல் வார்

செவ்வாய்க்கிழமை காலை எத்திராஜின் மகள் திமிரியிலிருந்து போன் செய்தாள். "அப்பா போய்ட்டாரு சார். உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு தோணிச்சு" என்றாள். அந்தத் தகுதி எனக்கு இல்லை. பின்னாளில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்காகவாவது இதை எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் நான் ஃபினிஷிங் சூப்பர்வைசர், அவர் ஃபிட்டர். ஏறக்குறைய ஒரே வயது. நான் கத்துவேன், அவர் கேட்டுக்கொள்வார். சாயம் அடித்த தோல்களை உலர்த்த எங்களிடம் ஒரு கேஸ் ஹீட்டர் இருந்தது. பர்னர் எரியும், ப்ளோயர் அந்தச் சூட்டை நீளமான அறைக்குள் தள்ளும். உள்ளே ஒன்பது பெண்கள் தோல்களை மாட்டுவதும் எடுப்பதுமாக இருப்பார்கள்.

பெல்ட்டோ பேரிங்கோ, எதை மாற்றினாலும் எத்திராஜ் தேய்ந்ததையும் புதியதையும் ஒரு கோணியில் அருகருகே வைத்து அந்தப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். வெட்டி வேலை என்று நான் எரிந்து விழுவேன். "உள்ள நிக்கிறது அவங்க சார். இன்னா மாத்தினோம்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்பார்.

ஒரு வாரம் ஏற்றுமதிச் சரக்கு கழுத்தை நெரித்தது. சுடர் அணைந்தால் கேஸை நிறுத்துவதற்கென்று ஹீட்டரில் தெர்மோகப்பிள் என்ற சின்ன உறுப்பு உண்டு. அதன் முனை தேய்ந்துபோய், சுடர் எரியும்போதே கேஸ் நின்றுவிடும். புதியது வாங்க எத்திராஜ் மெட்ராஸ் போனார். "நான் வர்றவரைக்கும் கொளுத்தாதீங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. கேஸ் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் ஹீட்டர் எரியும். ஒரு தோல் வாரை எடுத்து பட்டனை இறுக்கிக் கட்டினேன். தோல்காரனுக்கு எதையும் வாரால் கட்டினால் சரியாகிவிடும் என்ற நினைப்பு.

மறுநாள் மத்தியானம் எத்திராஜ் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்தார். சுடர் எப்போதோ அணைந்து, கேஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது. சாயத்தில் கலக்கும் தின்னர் வாடையில் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. வெளியிலிருந்து வந்த அவருக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. ஓடிப்போய் சிலிண்டரை மூடினார். பிறகு சாதாரணக் குரலில், "யாரும் ஸ்விட்ச் தொடாதீங்கம்மா. அப்படியே வெளிய போய் டீ குடிங்க" என்றார். ஒன்பது பேரும் பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள்.

மானேஜர் கேட்டபோது, "பார்ட் தேஞ்சிடுச்சு சார், மாத்திட்டேன்" என்றார். வழக்கம்போல் அந்தப் பெண்களுக்குக் கோணியில் இரண்டு முனைகளையும் வைத்துக் காட்டினார். வாரை மட்டும் வைக்கவில்லை. பட்டனிலிருந்து அவிழ்த்த அதைத் தனியாக என் கையில் கொடுத்து, "எதை வேணா கட்டுங்க சார். இதக் கட்டாதீங்க" என்றார். அதன்பின் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. என் வேலை தப்பியது, மானமும் தப்பியது.

சாவு வீட்டுக்கு அந்தப் பெண்களில் நான்கு பேர் வந்திருந்தார்கள். அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்களில் ஒருவரான சரோஜா, "அப்ப நான் முழுகாம இருந்தேன் சார்" என்று மட்டும் சொன்னார்.

பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில், அன்று சரோஜாவின் வயிற்றில் இருந்த அந்த மகனும் இருந்தான். அவனுக்குப் பின்னால் நானும் தோள் கொடுத்தேன். ஒரு தாயின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லவும், அவள் பிள்ளையோடு சேர்ந்து நடக்கவும் முடிகிற ஒரு வாழ்க்கையை எத்திராஜ் எனக்கு விட்டுப் போயிருக்கிறார்.