பெயின்ற் அடிக்காத கதவு

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். ஆனால் இந்தக் கார்க் கதையை என் மனுசனை எழுதவிட்டால் அவர் எஞ்சினைப் பற்றி மட்டுமே எழுதுவார். அதனால் நானே எழுதுகிறேன்.

எங்கள் கார் வெள்ளைக்காரன் காலத்தது. ஆமை முதுகு, நீல நிறம். துறைமுகத்து வேர்க்‌ஷொப்பில் வேலை செய்த என் மனுசன் அதைப் பழையதாக வாங்கித் தானே திருத்தி ஓடினார். எண்பத்துமூன்றில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தபோது நாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தோம். பின்வீட்டுச் சிங்கள மனுசி எங்களைத் தன் குசினிக்குள் வைத்துப் பூட்டினாள். அங்கே இருந்துகொண்டே ரயர் எரிகிற மணத்தை மூக்கால் பிடித்தேன். எரிகிறது எங்கள் கார்தான் என்று எனக்குத் தெரியும்.

பிறகு தமிழ்ச் சனம் கப்பலேறி யாழ்ப்பாணம் போனது. நாங்கள் போகவில்லை. யாழ்ப்பாணத்தில், ஆனைக்கோட்டையில் இருந்த என் அண்ணன் கடிதம் போட்டார். மனுசன் வாசித்துக் காட்டினார். மானரோசம் உள்ளவர்கள் அந்த ஊரில் இருக்கமாட்டார்கள் என்று எழுதியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்த இடத்திலேயே பதில் எழுதுவித்தேன்.

“வந்தால் இந்தக் காரிலதான் வருவன், அதுவரைக்கும் என்னைப் பாக்க வேண்டாம் எண்டு எழுதுங்கோ.”

மனுசன் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “சட்டமும் நாலு றிம்மும் ஒரு கதவும்தான் கிடக்கு. என்னத்தில வரப் போறீர்?”

“அது உங்கட பாடு” என்றேன்.

கொட்டாஞ்சேனையில் வாடகை வீடு எடுத்தோம். எரிந்த காரை லொறியில் ஏற்றி ஹெந்தளையில் ஒரு கூட்டாளியின் கொட்டிலில் போட்டோம். வேலையில்லாத நாளெல்லாம் என் மனுசன் அங்கேதான். பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எஞ்சின் ஒரு காரினது, சீற் இன்னொரு காரினது. இதற்குள் ஊரில் அம்மா செத்துப் போனா. சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்தது. திறந்திருந்தால் பஸ்ஸில் போயிருப்பேனோ என்று இன்றைக்கும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரியாது.

நாலு கதவில் மூன்று பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. பின்னால் இடப்பக்கக் கதவு மட்டும் பழையது. தட்டி நிமிர்த்தி மாட்டியிருந்தார். தகரம் கறுத்து, கொப்பளித்த பழைய நீலம் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவர் பெயின்ற் வாளியைத் திறந்தபோது நான் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். இதில் பெயின்ற் பட்டால் நான் இந்தக் காரில் ஏறமாட்டேன் என்றேன். பதிவுப் புத்தகத்தில் நீலம் என்றிருக்கு, செக்பொயின்ரில் மறிப்பார்கள் என்று அவர் மன்றாடினார். மறிக்கட்டும் என்றேன். கடைசியில் கறள் பிடிக்காமல் வார்னிஷ் மட்டும் பூசினார். அந்தக் கதவைச் சும்மா அடித்தால் பூட்டாது. கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும்.

சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்தார்கள். பத்தொன்பது வருசத்துக்குப் பிறகு புறப்பட்டோம். மனுசன் மணிக்கு முப்பது மைலுக்கு மேலே விடமாட்டார். புத்தளத்தில் றேடியேற்றர் கொதித்து, ஒரு மரத்தடியில் கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டு, அது ஆறும்வரை இருந்தோம். அநுராதபுரத்தில் தங்கி, அடுத்தநாள் வெயில் ஏற முதல் ஓமந்தை ஆமிச் சாவடிக்கு வந்துவிட்டோம்.

ஆமிக்காரப் பொடியன் காரைச் சுற்றிவந்தான். முதலில் சிரித்தான், அவனுடைய தாத்தாவை விடவும் கிழடு என்றான். பிறகு புத்தகத்தைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். நிறம் பிழை என்று தன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். மனுசன் ஏற்கெனவே ஒரு பொய்யைத் தயார் பண்ணி வைத்திருந்தார், கராஜில் வெல்டிங் செய்யும்போது நெருப்புப் பற்றியது என்று. அதைச் சொல்லத் தொடங்கினார். நான் சிங்களத்தில் குறுக்கிட்டேன். வெல்டிங் இல்லை மகன், கலவரத்தில் வெள்ளவத்தையில் கொளுத்தினது என்றேன். மனுசன் என் காலை மிதித்தார்.

அந்த அதிகாரி மரியாதையான ஆள். கத்தவில்லை. வவுனியாவில் பெயின்ற் கடை இருக்கு, திரும்பிப் போய்க் கதவுக்கு நீலம் அடித்துக்கொண்டு வாருங்கள், இன்றைக்கே விடுகிறேன் என்றார். மனுசன் சாவியைத் திருப்பப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன். அடிக்கிறதென்றால் நான் கொழும்புக்கே திரும்பிப் போகிறேன் என்று அந்த ஆளிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அண்ணனுக்கு எழுபத்தைந்து வயது. இன்னொரு முறை பாதை திறக்கும் என்று யார் கண்டது?

ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். மதியம் வரைக்கும் நின்றோம். மனுசன் என்னோடு கதைக்கவில்லை. நான் அந்தக் கதவுப் பக்கமாகவே இருந்தேன். தகரம் சுட்டது. அந்தப் பொடியன் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து தந்தான். அப்போது கேட்டான், “அம்மே, ஒரு கதவுக்காக இவ்வளவு பிடிவாதமா?”

“ஒரு கதவுதான் மகன் மிச்சம் விட்டவை” என்றேன்.

அவன் போய் அதிகாரியோடு என்னமோ கதைத்தான். பிறகு அதிகாரி தாளோடு வந்தார். குறிப்பு எழுதிவிடலாம் என்றார். எனக்குச் சிங்களம் கதைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. எழுதினதை வாசித்துக் காட்டுங்கள் என்றேன். நீலக் கார், ஒரு கதவு கறுப்பு, என்று வாசித்தார்.

“கறுப்பில்லை ஐயா. எரிச்சது. அப்படி எழுதுங்கோ.”

அவர் கறுப்பை வெட்டிவிட்டு எரிச்சது என்று எழுதி, வாசித்தும் காட்டினார். நான் என் பெயரை எழுத்தெழுத்தாக எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

மற்றப் பக்கத்துச் சாவடியில், ஆமியோடு சண்டை பிடித்த இயக்கப் பிள்ளைகள். அவர்களுக்குக் கதவு நன்றாகப் பிடித்துக்கொண்டது. இதைக் கழற்றித் தந்தால் சனம் பார்க்க வைக்கலாம் அம்மா, வேறு கதவு போட்டுத் தருகிறோம் என்றான் ஒருவன். அவனுக்கும் இல்லை என்றேன். இது ஒருவருக்கும் காட்சி வைக்கிற சாமான் இல்லை, நான் ஊருக்குப் போகிற கார் என்றேன். முறிகண்டிக் கோயிலடியில் எல்லா வாகனமும் நிற்கிறமாதிரி நாங்களும் நின்று தேங்காய் உடைத்தோம். அங்கேதான் மனுசன் திரும்பவும் வாய் திறந்தார். கச்சான் கடலை வேணுமோ என்று கேட்டார்.

அண்ணன் தன் வீட்டுக் கேற்றடியில் நின்றார். மெலிந்து போயிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, காரைச் சுற்றிப் பார்த்தார்.

“இவ்வளவு செய்த மனுசனுக்கு, ஒரு கதவுக்கு அடிக்கப் பெயின்ற் கிடைக்கேல்லையோ?”

“கிடைச்சது அண்ணை. நான்தான் விடேல்லை. உங்களுக்குக் காட்டக் கொண்டந்தனான்.”

ஐந்து நாள் நின்றோம். அந்தக் கடிதத்தைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. புறப்படுகிற காலையில்தான் கேட்டார், “திரும்பவும் அங்கதானோ பிள்ளை?”

“ஓம். அங்கதான் என்ரை வீடு.”

சந்திவரைக்கும் வாறன் என்று சொல்லி, மூன்று நல்ல கதவு இருக்க, அந்தக் கதவைத் திறந்து ஏறினார். சந்தியில் இறங்கி அடித்தார், பூட்டவில்லை. திரும்பவும் அடித்தார். கொஞ்சம் தூக்கித் தள்ளுங்கோ அண்ணை என்றேன். தூக்கித் தள்ளினார், பூட்டியது. பிறகு கரி ஒட்டியிருக்கும் என்று நினைத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

ஒட்டவில்லை. அந்தக் கையை உயர்த்தி, போயிட்டு வா என்று காட்டினார்.